ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்) வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? அறிவிப்பு வரும் முன்பே முடிக்க வேண்டியவை

முதல் முறை எழுதியபோது எழுத்துத் தேர்வில் தேறினேன். சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே வந்தேன். காரணம் ஒரே ஒரு காகிதம். இரண்டு வருடம் கழித்து, வயது வரம்பு முடியும் தருவாயில், மறுபடி எழுதித்தான் உள்ளே போக முடிந்தது. அந்த இரண்டு வருடம் எனக்கும் வீட்டுக்கும் எவ்வளவு பாரமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அடுத்து வருபவர்களுக்கு அது வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இந்திய விமான நிலைய ஆணையம், அதாவது ஏஏஐ, "ஜூனியர் எக்ஸிக்யூடிவ் – ஏர் டிராஃபிக் கண்ட்ரோல்" என்ற பெயரில் இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறது. வருடா வருடம் தவறாமல் வரும் என்று நம்பி இருக்க முடியாது. 2023இல் 496 இடங்கள், 2025இல் 309 இடங்கள். 2025இல் விண்ணப்பம் ஏப்ரல் 25 முதல் மே 24 வரை திறந்திருந்தது. தேர்வு ஜூலை 14. அறிவிப்பைப் பார்த்த பிறகு தொடங்கினால் படிக்கவும் நேரம் போதாது, சான்றிதழ் வாங்கவும் நேரம் போதாது. ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

1. முதலில், என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

"டவர்ல உக்காந்து கொடி காட்டுற வேலையா?" என்று என் மாமா கேட்டார். விமான நிலையத்தில் இரண்டு கையிலும் கோல் பிடித்து விமானத்தை நிறுத்த வைப்பவர் வேறு, கட்டுப்பாட்டாளர் வேறு. விண்ணப்பிப்பவர்களிலேயே பலருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. ஆகவே ஒரு விமானத்தோடு கூடவே போய்ப் பார்ப்போம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் போகும் விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய வான்பரப்பு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நான்கு விமானத் தகவல் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பயணம் முழுவதும் சென்னை மண்டலத்துக்குள்ளேயே நடப்பதால் சொல்வதற்கு எளிது.

விமானம் நகரும் முன்பே விமானி ஒரு கட்டுப்பாட்டாளரைக் கூப்பிட்டு அனுமதி வாங்குகிறார். எந்தப் பாதை, எந்த உயரம் என்பதோடு நான்கு இலக்க எண் ஒன்றும் தரப்படும். விமானி அதை டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவியில் பதிக்கிறார். ஒவ்வொரு இலக்கமும் 0 முதல் 7 வரைதான். ஆகவே மொத்தம் 4,096 எண்களே உண்டு. அவற்றில் மூன்று எல்லாருக்கும் பொதுவான அபாயக் குறிகள்: 7500 என்றால் கடத்தல், 7600 என்றால் ரேடியோ பழுது, 7700 என்றால் அவசரநிலை.

அடுத்து தரைக் கட்டுப்பாட்டாளர். டாக்ஸிவே என்னும் இணைப்புப் பாதைகளில் எந்த வழியாக ரன்வேக்குப் போக வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. ரன்வே டவர் கட்டுப்பாட்டாளரின் பொறுப்பு. கண்ணாடி வழியாக நேரில் பார்த்து, இறங்குவதற்கும் ஏறுவதற்கும் அனுமதி தருபவர் அவர்தான். விமானம் மேலே கிளம்பியதும் ஜன்னலே இல்லாத ஓர் அறையில் இருக்கும் அப்ரோச் கட்டுப்பாட்டாளரிடம் பொறுப்பு போகிறது. அவருக்கு முன்னால் இருப்பது ரேடார் திரை. விமானம் இன்னும் உயரம் ஏறியதும் ஏரியா கட்டுப்பாட்டாளர் வாங்கிக்கொள்கிறார். ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் விமானி புதிய அலைவரிசைக்கு மாறிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

அந்தத் திரையில் தெரிவது எங்கிருந்து வருகிறது? பழைய வகை ரேடார் அலையை அனுப்பி, அது மோதித் திரும்புவதை வைத்து ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லும். இரண்டாம் நிலை ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் ஒரு கேள்வி கேட்கிறது. விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் 1090இல் தன் நான்கு இலக்க எண்ணையும் உயரத்தையும் பதிலாக அனுப்புகிறது. ஏடிஎஸ்-பி என்ற முறையில் யாரும் கேட்க வேண்டியதே இல்லை. விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். இவற்றையெல்லாம் விமானத் திட்டத்தோடு கணினி பொருத்தி, சின்னப் புள்ளிக்குப் பக்கத்தில் பெயர், உயரம், வேகம் என்று எழுதிக் காட்டுகிறது. இரண்டு விமானம் நெருங்கப் போவதாகத் தெரிந்தால் எச்சரிக்கையும் தரும். அதற்கு மேல் யாரைத் திருப்புவது, யாரை நிறுத்திவைப்பது என்று தீர்மானிப்பது அந்த நாற்காலியில் இருப்பவர்.

இடைவெளிக் கணக்குதான் வேலையின் உயிர். ரேடாரில் தெரியும் விமானங்களுக்கு நடுவே பாதையில் 5 நாட்டிகல் மைல் (ஒரு நாட்டிகல் மைல் சுமார் 1.85 கி.மீ.), விமான நிலையத்தை நெருங்குகையில் 3 வரை குறையலாம். அல்லது உயரத்தில் 1,000 அடி. இந்த இரண்டில் ஒன்றாவது எப்போதும் இருக்க வேண்டும். வங்காள விரிகுடாவின் நடுவே போனதும் கரையிலுள்ள ரேடார் எட்டாது, சாதாரண ரேடியோவும் எட்டாது. அங்கே நெடுந்தூரம் எட்டும் எச்எஃப் ரேடியோவும், செயற்கைக்கோள் வழியாக எழுத்தில் செய்தி அனுப்பும் வசதியும்தான் துணை. கண்ணுக்குத் தெரியாத விமானம் என்பதால் இடைவெளியும் 50 நாட்டிகல் மைல் என்ற அளவுக்குப் போய்விடும்.

இதை ஷிஃப்டில், இரவிலும், தீபாவளியிலும் பொங்கலிலும் செய்ய வேண்டும். பிடித்திருந்தால் மேலே படியுங்கள்.

2. தகுதி: மூன்று வரியில் இருக்கும், மூன்றிலும் சிக்கல் உண்டு

பட்டம்: இயற்பியலும் கணிதமும் படித்த மூன்று வருட பி.எஸ்ஸி., அல்லது ஏதாவது ஒரு பிரிவில் பி.இ. / பி.டெக். பொறியியல்காரர்கள் ஏதாவது ஒரு செமஸ்டரிலாவது இயற்பியலும் கணிதமும் பாடமாகப் படித்திருக்க வேண்டும். பட்டம் முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டும். தேர்ச்சி மதிப்பெண் இருந்தால் போதும், 60 சதவீதம் தேவையில்லை. பி.சி.ஏ. படித்தவர்களும், இயற்பியல் இல்லாத பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களும் இதில் வர முடியாது. நண்பர்கள் சிலர் பணம் கட்டிப் படித்துவிட்டு இதைக் கடைசியில்தான் பார்த்தார்கள்.

ஆங்கிலம்: பத்தாவது அல்லது பன்னிரண்டாவதில் ஆங்கிலம் ஒரு பாடமாகப் படித்துத் தேறியிருக்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் பயப்பட வேண்டாம். நானும் தமிழ் வழிதான். ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தால் போதும்.

வயது: 27. விண்ணப்பத்தின் கடைசித் தேதியன்று கணக்கு. ஓபிசிக்கு மூன்று வருடம், எஸ்சி, எஸ்டிக்கு ஐந்து வருடம் தளர்வு.

3. காகிதங்கள்: இங்கேதான் பலரும் விழுகிறார்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

(அ) ஓபிசி சான்றிதழ். நான் விழுந்தது இங்கே. பள்ளிக்கூடத்தில் வாங்கிய பிசி அல்லது எம்பிசி சாதிச் சான்றிதழ் மாநில அரசுக்கானது. ஏஏஐ மத்திய அரசு நிறுவனம். மத்திய அரசின் படிவத்தில், "கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதி படைத்த பிரிவில்) வராதவர்" என்ற வரியோடு, தாசில்தார் தரும் ஓபிசி சான்றிதழ்தான் செல்லும். விண்ணப்பத்தில் ஓபிசி என்று குறித்துவிட்டு, கையில் இருந்த பிசி சான்றிதழோடு சரிபார்ப்புக்குப் போனேன். புதிய சான்றிதழுக்கு அன்று சாயங்காலமே விண்ணப்பித்தும், கேட்ட நாளுக்குள் கிடைக்கவில்லை. பொதுப் பிரிவு கட்-ஆஃபுக்கு என் மதிப்பெண் எட்டவில்லை. அவ்வளவுதான், முடிந்தது.

செய்ய வேண்டியது: முதலில் உங்கள் சாதி மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாமே மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை. எழுத்துக்கூட்டலும் சில நேரம் வேறாக இருக்கும். பிறகு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 60 ரூபாய்தான், ஆனால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று கை மாறி வர வேண்டும். தேர்தல் நேரம், ஜமாபந்தி நேரம் என்றால் இன்னும் இழுக்கும். ஒரு மாதம் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரம்பு 8 லட்சம். இதில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்பதைத் தெரியாமல் பலர் தாங்களே ஒதுங்கிவிடுகிறார்கள். அதே சமயம், பெற்றோர் உயர் பதவி அரசு அலுவலராக இருந்தால் பதவியை வைத்தே விலக்கப்படலாம். சான்றிதழின் தேதியையும் அறிவிப்பில் கேட்டிருக்கும் காலத்தையும் ஒப்பிடுங்கள். பழையதாக இருந்தால் புதிது வாங்குங்கள். இடபிள்யூஎஸ் (பொருளாதாரத்தில் நலிந்த) பிரிவினருக்கும் இதே கதைதான்: அந்த நிதியாண்டுக்கான சான்றிதழ் வேண்டும், போன வருடத்தது செல்லாது.

(ஆ) இயற்பியல், கணிதத்துக்கான சான்று. பொறியியல் படித்தவர்கள் மார்க் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணிதத்தின் பெயர் "மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்". "மேத்தமேடிக்ஸ்" என்ற சொல்லே அதில் கிடையாது. நமக்குத் தெரியும் அது கணிதம் என்று. சரிபார்ப்பவருக்குக் காகிதம் சொல்ல வேண்டும். கல்லூரி முதல்வரின் கையெழுத்து, முத்திரையோடு, எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் இயற்பியல், எது கணிதம் என்று குறிப்பிட்டு லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். நான் படித்த கல்லூரி அலுவலகத்தில் "இப்படி ஒரு சர்டிஃபிகேட் நாங்க குடுக்கறதில்லையே" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை அறிவிப்பை அச்செடுத்து, அந்த வரிக்கு அடிக்கோடிட்டு, கடிதத்தின் மாதிரியையும் நானே தட்டச்சு செய்து கொண்டுபோனேன். அரை மணி நேரத்தில் கிடைத்தது. நீங்கள் முதல் முறையே அப்படிப் போங்கள்.

(இ) பெயர். நம் ஊரில் எல்லாருக்கும் வரும் தொல்லை இது. பத்தாவது மார்க் ஷீட்டில் முன்னெழுத்து பின்னால், பட்டத்தில் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பான் கார்டில் அதுவே குடும்பப் பெயராக. விண்ணப்பத்தில் பத்தாவது மார்க் ஷீட்டில் இருப்பதைப் போலவே, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். மற்ற ஆவணங்களில் வித்தியாசம் இருந்தால், எல்லாப் பெயர்களும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்று எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஆதாரை முன்கூட்டியே திருத்திவிடுவது இன்னும் நல்லது. திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிய பெண்கள் கெஜட் நகலையோ திருமணச் சான்றிதழையோ சேர்த்து வையுங்கள்.

(ஈ) சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்றும் கணக்கு. பல்கலைக்கழகம் தரும் சூத்திரத்தின் நகல் வேண்டும். மார்க் ஷீட்டின் பின்பக்கத்திலேயே அச்சாகியிருந்தால் அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்.

(உ) ஏற்கெனவே அரசு வேலையிலோ பொதுத்துறையிலோ இருப்பவர்கள் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். மேலதிகாரி விடுப்பில் போவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

4. விண்ணப்பமும் செலவும்

ஏஏஐ இணையதளத்தின் வேலைவாய்ப்புப் பக்கம் ஒன்றுதான் வழி. கட்டணம் 1,000 ரூபாய். பெண்களுக்கும், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும், ஏஏஐயில் ஒரு வருட அப்ரன்டிஸ் பயிற்சி முடித்தவர்களுக்கும் கட்டணம் இல்லை. பிரவுசிங் சென்டர்காரர் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டுப் பதிவுசெய்ய விடாதீர்கள். ஹால் டிக்கெட்டிலிருந்து பணி ஆணை வரை எல்லாமே அந்த முகவரிக்குத்தான் வரும். ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம், அதுவரை கைபேசி எண்ணையும் மாற்ற வேண்டாம்.

"ஏர்போர்ட் அதாரிட்டியில் ஆள் இருக்கிறார், மூன்று லட்சம் கொடுத்தால் போதும்" என்று யாராவது வந்தால் அவரோடு பேச்சையே வளர்க்காதீர்கள். இந்தத் தேர்வில் அப்படி ஒரு வாசல் கிடையாது. கொடுத்த பணம் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதும் இல்லை.

5. எழுத்துத் தேர்வு

120 கேள்வி, 120 மதிப்பெண், இரண்டு மணி நேரம், கணினியில். பாதி பொது: ஆங்கிலம் 20, தர்க்கம் 15, எண்கணிதம் 15, பொது அறிவு 10. மீதி பாதி கணிதம் 30, இயற்பியல் 30. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஆகவே ஒரு கேள்வியையும் வெறுமனே விட்டுவராதீர்கள்.

வங்கித் தேர்வுக்குப் படித்த பழக்கத்தில் பொதுப் பகுதியிலேயே காலம் கழிப்பவர்கள் அதிகம். பட்டம் முடித்து மூன்று நான்கு வருடம் ஆனவர்களுக்கு மறந்துபோயிருப்பது வகை நுண்கணிதமும், மின்காந்தவியலும், ஒளியியலும்தான். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்நாடு பாடநூலிலிருந்து தொடங்கி கல்லூரி முதலாண்டுப் பாடம் வரை போனேன். ஐந்து மாதம் பிடித்தது. கோச்சிங் போகவில்லை, போனவர்களும் தேறியிருக்கிறார்கள்.

6. குரல் தேர்வு

தேர்வு தேறியவர்களைச் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் குரல் தேர்வுக்கும் கூப்பிடுவார்கள். ஒரு பத்தி கொடுத்து வாசிக்கச் சொல்லி, உச்சரிப்பு தெளிவாக இருக்கிறதா, திக்கல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். லண்டன் உச்சரிப்பை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சொல்வது அடுத்த முனையில் புரிய வேண்டும், அவ்வளவே. ரேடியோவில் இரைச்சல் இருக்கும் என்பதால்தான் விமானத் துறையில் எண்களையே வேறு மாதிரி சொல்கிறார்கள்: மூன்று என்பது "ட்ரீ", ஐந்து என்பது "ஃபைஃப்", ஒன்பது என்பது "நைனர்".

நமக்குத் தடுக்கும் இடங்கள் தெரிந்தவைதான். "ஃப"வும் "ப"வும், "ஷ"வும் "ஸ"வும் கலந்துபோவது. வேகமாகப் பேசிச் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குவது. தினமும் பத்து நிமிடம் ஆங்கிலச் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துக் கைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். எனக்கு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. பணியில் சேர்ந்த பிறகும் இதன் தேவை தீராது. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் ஆறு நிலைகளில் குறைந்தது நான்காம் நிலை ஆங்கிலம் வேண்டும். நான்காம் நிலையிலேயே இருப்பவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி சோதனைக்குப் போக வேண்டும்.

7. மருத்துவமும் சிறுநீர்ப் பரிசோதனையும்

இருமல் மருந்து விஷயத்தை முதலில் சொல்கிறேன். போதைப்பொருள் பரிசோதனையில் கஞ்சா, கொக்கெயின் மட்டும் பார்ப்பதில்லை. ஓபியம் வகைகள், பார்பிட்யூரேட், பென்சோடயஸபைன் ஆகியவையும் பட்டியலில் உண்டு. கோடீன் கலந்த இருமல் சிரப் குடித்தால் ஓபியம் வகை என்று காட்டக்கூடும். தூக்க மாத்திரைகள், பதற்றத்துக்கான மாத்திரைகள் பலவும் பென்சோடயஸபைன்தான். மருத்துவர் எழுதித் தந்து சாப்பிடுகிறீர்கள் என்றால் மருந்துச் சீட்டோடு போய், மாதிரி கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்குவதை அந்த மாதம் முழுக்க நிறுத்திவையுங்கள். உளவியல் சோதனையும் ஒன்று உண்டு; அதற்குப் படிக்க எதுவும் இல்லை, நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள்.

மருத்துவப் பரிசோதனை விமானத் துறையின் "கிளாஸ் 3" மருத்துவத் தரத்தில் நடக்கும். கண்ணாடி அணிவது தடையில்லை. கண்ணாடியோடோ இல்லாமலோ ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிய வேண்டும் என்பது ஐகாவோவின் அளவு. நிறக்குறைபாடுதான் பெரிய தடை. புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளை உங்கள் ஊர்க் கண் மருத்துவரிடமே பார்த்துவிடலாம். ஆறு மாதம் படித்த பிறகு தெரிந்துகொள்வதைவிட, புத்தகம் வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. காதுக்கும் அப்படியே, ஆடியோமெட்ரி ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் மறைக்காமல் முன்பே மருத்துவம் தொடங்குங்கள்.

8. பணி ஆணை வந்த பிறகு

சேரும்போது ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்: பயிற்சிக்குப் பின் மூன்று வருடம் வேலை பார்ப்பேன், இல்லாவிட்டால் 7 லட்சம் ரூபாய் கட்டுவேன் என்று. யூபிஎஸ்சிக்கும் சேர்த்துப் படிப்பவர்கள் இதை வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். சம்பள விகிதம் 40,000–1,40,000. படிகள் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஏறக்குறைய 13 லட்சம் என்று 2025 அறிவிப்பு சொன்னது.

பயிற்சி பிரயாக்ராஜ், ஹைதராபாத், கோந்தியா ஆகிய மூன்று ஊர்களில் ஏதாவது ஒன்றில். அது முடிந்தவுடன் மைக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். பணியிடத்துக்குப் போனதும் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மாதக்கணக்கில் வேலை பார்த்து, எழுத்து, வாய்மொழித் தேர்வுகளில் தேறி "ரேட்டிங்" வாங்கிய பிறகுதான் தனியாக அமர முடியும். ரேட்டிங் அந்த நிலையத்துக்கு மட்டுமானது. கோயம்புத்தூர் டவரில் வாங்கியதை வைத்துச் சென்னை டவரில் உட்கார முடியாது, மறுபடி முதலிலிருந்து.

பணியிடம் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பெங்களூரு கெம்பேகவுடா போன்ற தனியார் நிலையங்களிலும் வான் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது ஏஏஐதான் என்பதால் பட்டியல் நீளமானது. முதல் பணியிடமே மதுரையோ திருச்சியோ கிடைக்கும் என்று வீட்டில் சொல்லி வைக்காதீர்கள்.

பிரயாக்ராஜ் கிடைத்தால் சென்னையிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் நேராகப் போகலாம். பிரயாக்ராஜ் சியோகியில் இறங்க வேண்டும். ஒன்றரை நாள் பயணம். டிசம்பர், ஜனவரி குளிர் நம் ஊர் ஸ்வெட்டருக்கு அடங்காது, கம்பளியை அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழ்கள் உள்ள கோப்பை மட்டும் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் வைக்காமல், தோளில் மாட்டும் பையில் போட்டு, படுக்கும்போது தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.